சம்பந்தியம்மா கேட்ட கட்டில்கள்

யார் மூத்த டாக்டரோ அவரே நிர்வாகி என்பதுதான் அந்த அரசு மருத்துவமனையில் வெகுகால வழக்கம். காலையில் வயிற்றைத் திறந்து தைத்த கை, மதியம் பினாயில் வாங்கக் கையெழுத்துப் போடும். இரண்டு வேலையும் அரைகுறை. அந்த வருஷம் மேலிடம் எப்படியோ விழித்துக்கொண்டது. வைத்தியம் தெரிந்தவர் வைத்தியம் பார்க்கட்டும், நிர்வாகத்துக்குத் தனி ஆள் என்று உத்தரவு வந்தது. அந்தத் தனி ஆள் யாரென்று பார்த்தால், செவிலியர்களுக்கெல்லாம் தலைவியாக இருந்த பெரிய சிஸ்டர்.

சேதி கேட்டதும் அவளுடைய மகள் போன் செய்தாள். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டாள்; சிரிப்பு முந்திக்கொண்டது.

"அம்மா, அப்போ எங்க மாமாவுக்கு நீ மேலதிகாரியா?"

"காலையிலேர்ந்து நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். சிரிக்காதே."

மகளின் மாமனார் அதே மருத்துவமனையில் தலைமை சர்ஜன். கை பூவைப்போல இருக்கும். குரல் அதற்கு நேர் எதிர். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'இடி'. வீட்டு விசேஷங்களில் பார்த்துக்கொண்டால் இருவருக்குள்ளும் 'சம்பந்தி, சம்பந்தி'தான். வார்டில் அவர் 'சிஸ்டர்' என்பார், இவள் 'சார்' என்பாள். அந்த எல்லைக்கோட்டை இருவருமே தாண்டியதில்லை.

பொறுப்பேற்றதும் முதல் வேலையாக அவள் கட்டடத்தைக் கீழிருந்து மேல்வரை நடந்து பார்த்தாள். பல வருஷம் ஓடியாடிய இடம்தான். ஆனாலும் ஒரு வார்டைப் பார்த்துக்கொள்கிறவளாக நடப்பது வேறு, மொத்தத்துக்கும் பதில் சொல்கிறவளாக நடப்பது வேறு. கீழ்த்தளத்துப் பொது மருத்துவ வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், தலையும் காலும் மாறி மாறிப் படுத்திருந்தார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்கு வெளி நடையில் பாய். அங்கே அந்த வார்டைப் பார்க்கிற டாக்டரம்மா தரையில் குந்தி ஒருவருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திருக்க ஒரு கை குடுங்க சிஸ்டர். முழங்கால் மடங்கினா நிமிர மாட்டேங்குது." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே, "கைக்குப் பதிலா நாலு கட்டில் குடுத்தா இன்னும் விசேஷம்," என்றார்.

மேல்மாடி சர்ஜரி வார்டில் காற்று தாராளமாக ஓடியது. வெள்ளை விரிப்பில் சுருக்கமே இல்லாத காலிக் கட்டில்கள். மற்றக் கட்டில்களிலும் பாதிப் பேர் நோயாளி மாதிரியே இல்லை. சம்மணம் போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கேட்டால், நாளைக்கோ நாளன்றைக்கோ ஆபரேஷனாம்.

அவள் நேரே சர்ஜன் அறைக்குப் போனாள்.

"சார், உங்க வார்டுல பாதிக் கட்டில் எனக்கு வேணும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சிஸ்டராக் கேக்கறீங்களா, சம்பந்தியாக் கேக்கறீங்களா?"

"நிர்வாகியாக் கேக்கறேன்."

"கல்யாணத்துல நாங்க மாப்பிள்ளை வீடு. ஒரு ஸ்பூன்கூடக் கேக்கலை. இப்ப பொண்ணு வீட்டுக்காரங்க வந்து எங்கிட்டக் கட்டில் கேக்கறீங்க. இது எந்த ஊர் நியாயம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"இருமறவங்களைக் கொண்டுவந்து இங்க படுக்க வெச்சா, தையல் போட்ட புண்ணெல்லாம் சீழ் வெக்கும். இந்த வார்டு இப்படிச் சுத்தமா இருக்கறதுக்கு நான் எத்தனை பேர்கிட்டப் பொல்லாப்பு வாங்கியிருக்கேன் தெரியுமா? சம்பந்தம் வேற, வார்டு வேற. முடியாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, சிக்கலே அதுதான். அவள் உத்தரவு போடலாம். போட்டால் கட்டில் கைக்கு வரும், மனிதர் கைவிட்டுப் போய்விடுவார். கோபித்துக்கொண்டு நிற்கிற சர்ஜனை வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரியை நடத்துவது? மகள் வேறு அந்த வீட்டில் இருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனாள். பச்சை அங்கி போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி சர்ஜன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிக்கலையா சார்?"

"ஆரம்பிக்கறதா? மாப்பிள்ளை ரெடி, பொண்ணு வரலை. பத்து மணிக்கு முன்னாடி இங்க கத்தியைத் தொட்டதா எனக்கு ஞாபகமே இல்லை."

அவள் தேடிக்கொண்டு போனாள். பெண்ணும் தயாராகத்தான் இருந்தாள். முதல் நோயாளி விடியற்காலையிலிருந்தே பட்டினியோடு வார்டில் காத்திருந்தார். தள்ளுவண்டிக்காரர்கள் வேறொரு பிரிவின் ஆட்கள். அங்கே போய்க் கேட்டுத்தான் அழைத்து வர வேண்டும். தியேட்டர் துணி வெளுத்து மடித்து ஸ்டோருக்குள் கிடந்தது. ஸ்டோர் சாவி பத்து மணிக்குத்தான் வரும். ரத்தப் பரிசோதனை முடிவு லேபில் இருந்தது. அதை யார் போய் எடுப்பது என்பதில் லேபுக்கும் வார்டுக்கும் பழைய தகராறு. தலை ஒருவர் பொறுப்பு, கை ஒருவர் பொறுப்பு, கால் இன்னொருவர் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தால் எந்த உடம்புதான் நடக்கும்?

சீட்டாடிக்கொண்டிருந்தவர்களின் கதையும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பரிசோதனை முடிவுகள் எந்த நாளில் ஒன்றுசேரும் என்று தெரியாததால், சர்ஜன் ஆட்களை முன்கூட்டியே சேர்த்துப் படுக்க வைத்திருந்தார். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத குழாயடியில் குடங்களை வரிசை போடுவதுபோல, கட்டில்களைக் காலியாகப் பிடித்து வைத்திருந்தார். அவர் கட்டிலுக்கு ஆசைப்பட்டவர் அல்ல. காத்திருந்து காத்திருந்து நம்பிக்கை போனவர்.

அவள் திரும்பி வந்து ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சார், தினமும் எட்டு மணிக்கு முதல் நோயாளி உங்க மேஜைமேல இருந்தா, எத்தனை கட்டில் மிஞ்சும்?"

"எட்டு மணிக்கா? இங்கயா?" அவர் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த கத்திரிகள் கிணுகிணுத்தன. "அது நடந்தா பாதி என்ன, முக்கால் வார்டையே எடுத்துக்கங்க. நடுவுல ஒரு சுவர், தனி வாசல். இருமல் கேஸ் மட்டும் வரக்கூடாது."

"சுவர் உண்டு. வாசல் உண்டு. இருமல் கிடையாது."

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். சலவைக்கூடத்தில் சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு ஆச்சரியம் காத்திருந்தது.

"விடியறப்பவே வரோம்னு நாங்க எப்பவோ கேட்டோம்மா," என்றார் அங்கே மூத்தவர். "பாய்லர் சூட்டோட வெயிலும் சேர்ந்தா உசிரு போகுது. மதியத்தோட வீட்டுக்குப் போனா யாருக்குக் கசக்கும்?"

தள்ளுவண்டிக்காரர்களை அவள் தியேட்டர் சிஸ்டரின் பொறுப்பில் விட்டாள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வண்டிக்குப் புதுச் சக்கரம். "இப்ப இருக்கற வண்டி கிழக்கே தள்ளினா மேற்கே போகுதும்மா." பரிசோதனைகளைப் புறநோயாளியாக வரும் நாளிலேயே முடிக்க, புறநோயாளிப் பிரிவுக்குப் பக்கத்திலேயே லேபுக்கு ஓர் அறை ஒதுக்கினாள். முடிவுகளை லேப் ஆட்களே தியேட்டரில் சேர்க்க வேண்டும் என்று தகராறையும் தீர்த்து வைத்தாள். தியேட்டர் துணிக்கான சாவி இனி தியேட்டர் சிஸ்டரிடம் இருக்கட்டும் என்றதும், ஸ்டோர் அதிகாரிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"தியேட்டர் துணிக்குச் சாவி அவங்ககிட்டப் போனா, எனக்கென்ன மதிப்பு மேடம்?"

"மதிப்பு சாவியிலயா சார் இருக்கு? மருந்து தீர்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க, நானே உங்களுக்கு மாலை போடறேன்."

ஒருவழியாக அந்த நாளும் வந்தது. எட்டு அடிக்கும்போது துணி வந்திருந்தது, முடிவுகள் வந்திருந்தன, புதுச் சக்கர வண்டி சத்தமில்லாமல் உருண்டு வந்து நின்றது. குடலிறக்கத்துக்காக வந்திருந்த பேருந்து ஓட்டுநர் மேஜைமேல் படுத்தாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் ஊசியோடு நின்றார்.

சர்ஜனைக் காணோம்.

பெரிய சிஸ்டர் மகளுக்குப் போன் போட்டாள். "உங்க மாமா எங்கடி?"

"இங்கதான் இருக்காங்க. கால்மேல கால் போட்டுப் பேப்பர் படிக்கறாங்க. எப்படியும் பத்தாகும், அவசரம் என்னன்னாங்க."

"போனை அவர் காதுல வை." வைத்ததும் இவள் நிதானமாகச் சொன்னாள்: "சம்பந்தி, பொண்ணு மேடைக்கு வந்தாச்சு. மாப்பிள்ளையைத்தான் காணோம்."

மறுமுனையில் நாற்காலி சரிந்த சத்தம் கேட்டது.

அவர் வந்தபோது சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். தியேட்டர் வாசலில் தள்ளுவண்டிக்காரர்கள், சலவைக்கூடத்து மூத்தவர், லேப் ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். இடி எந்நேரமும் விழலாம் என்று ஒருவர் கண்ணைக்கூட மூடிக்கொண்டார். உள்ளே மேஜைமேலிருந்து ஓட்டுநர்தான் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வாங்க டாக்டர். உங்களுக்காகத்தான் வண்டியை நிறுத்தி வெச்சிருக்கோம்."

சர்ஜன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கை கழுவினார், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "என் மேலதான் தப்பு. இனிமே நடக்காது," என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. மத்தியானத்துக்குள் அவருடைய பட்டியலில் ஒருவர் பாக்கியில்லை. வெளியே வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் நடையில் கொஞ்ச நேரம் உலாவினார்.

சுவர் கட்டி முடிந்த அன்று, எந்தெந்தக் கட்டில் போக வேண்டும் என்று அவரே நின்று காட்டினார். ஜன்னலோரக் கட்டில்களைத்தான் முதலில் கொடுத்தார். "மூச்சு வாங்கறவங்களுக்குக் காத்து வேணும்" என்று காரணமும் சொன்னார். லிஃப்ட் ஏறி ஏறி இறங்கியது. கீழ் நடையிலிருந்த பாய்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. டாக்டரம்மா மேல்மாடியில் ஒரு நோயாளியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாவகாசமாக நாடி பார்த்தார். பெரிய சிஸ்டர் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பின்னாலிருந்து யாரோ அவளை மேடம் என்று கூப்பிட்டார்கள்.

எலும்பு டாக்டர். பக்கத்து வார்டுக்காரர்.

"மேடம், எனக்கும் அந்த எட்டு மணி வேணும். ஆனா உங்களுக்கு ஒரே பொண்ணாமே, அவளுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. நான் எப்படிச் சம்பந்தியாகறது?"

"சம்பந்தியாகாமலே தரேன் சார். உங்க வார்டுல எத்தனை கட்டில் காலியா இருக்கு, முதல்ல அதைச் சொல்லுங்க."

எலும்பு டாக்டர் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் விடவில்லை, அவரோடு பேசிக்கொண்டே அவருடைய வார்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.