ஒன்பது மணி நான்கு நிமிடம்

"காரணம் என்ன?" என்ற கேள்வி திரையில் மூன்றாவது முறையாக வந்து நின்றது. பட்டாபிராமில் மூன்றாவது மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஷர்மிளா பதிலைத் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தாள். சனிக்கிழமை மாலைக் கூட்டம். பல நாடுகளிலிருந்து பதினோரு பேர், பாதிப் பேருக்குப் புனைபெயர். பேச்சு முழுக்க எழுத்தில்தான், அதுவும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பதிவில். தனியாகக் காதில் சொல்லும் காரணம் அங்கே செல்லாது. நாலு பேர் ரகசியமாகக் கூடி முடிவெடுக்கக் கூடாது என்று அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது.

பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள், விடுமுறை நாட்களில் இந்த வலையமைப்புக்குச் சும்மா எழுதிக்கொடுத்து வந்தாள். அனுப்புகிறவர் யார், படிக்கிறவர் யார் என்று எவருக்கும் தெரியாதபடி, தொண்டர்களின் வீட்டுக் கணினிகள் வழியாகச் செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகும் வலை. அந்தக் கணினிகளின் பட்டியல் பொதுவில் இருக்கும். எது எப்போது இணைப்புக்கு வந்து எழுந்தது, எப்போது நின்றுபோய்ப் படுத்தது என்று நிமிடம் தவறாமல் அதில் பதிவாகும். நிமிடம் வேண்டாம், தேதி மட்டும் போதும் என்பதுதான் இன்று அவளுடைய கோரிக்கை.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு வருடத்துக்கு முன் கிவி என்ற புனைபெயர்க்காரர் இதையேதான் கேட்டார். பெயரை வைத்து அவரை நியூசிலாந்துக்காரர் என்றே ஷர்மிளா முடிவுகட்டியிருந்தாள். ஒரே ஆசாமி ஒரே நிமிடத்தில் ஐம்பது போலிக் கணினிகளை நுழைத்தால் கண்டுபிடிக்க நிமிடக் கணக்கு வேண்டும் என்று அவள் வாதாடினாள். உங்கள் காரணம் என்ன என்று அவரைக் கேட்டாள். சொல்ல இயலாது, ஆனால் ஆபத்து என்றார் அவர். "காரணமில்லாத பயத்துக்கு நாம் நிரல் எழுதுவதில்லை" என்று எழுதி வாயை அடைத்தாள். ஏழு பேர் அதற்குக் கைதட்டும் பொம்மை போட்டார்கள். அன்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பத்தொன்பது நாட்களாகக் கிவியிடமிருந்து ஒரு வரி இல்லை. மனசு கேட்காமல் பட்டியலைத் திறந்து அவருடைய கணினியைப் பார்த்தாள். கடந்த ஒரு வருடத்தில் நான்கு முறை பகலில் படுத்திருந்தது. அதில் ஒன்று காலை ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்குப் படுத்து, ஒன்றே முக்காலுக்கு எழுந்திருந்தது. அதே நாளில், அதே நிமிடங்களில் இன்னொரு கணினியும் படுத்து எழுந்திருந்தது. அது அவளுடையது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். மற்ற மூன்றும் அப்படியே. நியூசிலாந்தாவது ஒன்றாவது, கிவி இங்கேதான் ஏழெட்டுத் தெருவுக்குள் இருந்திருக்கிறார். தொழிற்சாலை ஒன்றின் அமிலக் கழிவு ஏரியில் கலப்பதைப் பற்றிய காகிதங்களை யாரோ ஒரு ரகசியப் பக்கத்தில் வெளியிட்டு வந்தார்களே, அந்தப் பக்கமும் இதே நேரங்களில்தான் நின்று நின்று வந்திருந்தது. அது கிவியின் கணினியிலிருந்துதான் ஓடியிருக்க வேண்டும். தேடுகிறவனுக்கு இந்தப் பட்டியலும் பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்பும் போதும்.

கடைசியாக அந்தக் கணினி படுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு. அன்று அந்நேரம் கரண்ட் இருந்தது. ஷர்மிளா மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. பிடித்துக்கொண்டு போனார்களோ, தானே நிறுத்திவிட்டு எங்காவது ஒளிந்திருக்கிறாரோ. ஒளிந்திருந்தால், இந்தப் பதிவில் அவள் எழுதும் காரணமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுதாவிட்டால் அவரைப் போல இன்னும் எத்தனை பேர் மாட்டுவார்களோ. திருடனுக்குத் தேள் கொட்டியது போல் விழுங்கிக்கொண்டு, "சொல்ல இயலாது, ஆனால் ஆபத்து" என்று தட்டினாள். தட்டிய பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. ஒரு நிமிடம் கழித்து எவரோ அவளுடைய பழைய வரியையே தேடி எடுத்து, சிரிப்புப் பொம்மையோடு ஒட்டினார். கோரிக்கை தள்ளப்பட்டது. அவர்கள் மேல் அவளால் கோபப்படக்கூட முடியவில்லை. அவளே கற்றுக்கொடுத்த பாடம்.

அந்தப் பதினோரு பேரில் அவள் நேரில் பார்த்திருப்பது நசரத்பேட்டை ஸ்ரீநாத்தை மட்டும்தான். விஷயம் தெரிந்த இன்னொரு ஆளும் அவன்தான். கூட்டம் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில் இருவரும் போனை அணைத்து வைத்துவிட்டு நின்றார்கள். நீயாவது எனக்காக ஒரு வரி எழுதியிருக்கலாம் என்றாள்.

"இன்னான்னு எய்தறது ஷர்மி? நான் மெட்ராஸ்காரன்னு அல்லாருக்கும் தெரியும். நானும் காரணம் சொல்லாம உனுக்கு சப்போர்ட் பண்ணா, மேட்டர் இந்த ஊர்லதான் கீதுன்னு எவனாவது கணக்கு போட்ருவான். அப்பறம் கிவி கதி இன்னா ஆவறது?"

"அவரு இருக்காரான்னே தெரியல ஸ்ரீ."

டீ ஆறிப்போயிருந்தது. யாருக்கும் தெரியாமல் தானே நிரலை மாற்றிவிடலாமா என்று அவள் கேட்டதற்கு, மாற்றினால் மறுநாளே நான்கு பேர் ஏன் என்று தோண்டுவார்கள் என்றான். அதுவும் சரிதான். இப்படி எல்லாக் கதவையும் பார்த்துப் பார்த்து அடைத்ததற்காகத்தான் அவர்கள் இத்தனை வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் போன பிறகு அவள் வீட்டுக்குப் போகாமல், மின்தடை அறிவிப்பில் இருந்த தெருக்களில் நடக்க ஆரம்பித்தாள். இது மூன்றாவது மாலை. பூட்டிக் கிடக்கும் கதவுகளைக் கண்டால் நின்றாள். நின்று என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கிவி எப்படி யோசிப்பார், எந்த இடத்தில் பொறுமை இழப்பார், எந்தத் தப்பைத் திரும்பத் திரும்பச் செய்வார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆணா பெண்ணா என்று கேட்டால் தெரியாது.

மூன்றாம் தெருவில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அவளை முந்தாநாளும் பார்த்திருக்க வேண்டும். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "யார் ஊடும்மா வோணும்?" என்றார். "ரெண்டு மூணு நாளா சுத்திக்கினு கீறியே. பேரச் சொல்லு, காட்டறேன்."

ஷர்மிளா வாயைத் திறந்தாள். சொல்ல அவளிடம் இருந்தது ஒரு புனைபெயர் மட்டும்தான். பாதி திறந்த இரும்புக் கேட்டில் ஈரக் கையை ஊன்றியபடி, அந்த அம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.