லிசா ஆடிய இரண்டு ஆட்டம்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லிசா கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். அம்மா ரெஜினா சொல்லிவைத்தது அது. ரெஜினாவுக்கு செராமிக் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் பீங்கான் அகல்விளக்குகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவாள். அப்பா சாவியோ மஸ்கட்டில் வேலை பார்த்தார். அம்மா வரும்வரை பதினோரு வயது லிசாவுக்கு டிவிதான் துணை. அதில் யாராவது கேள்வி கேட்டால் இவள் பதில் சொல்வாள். விளம்பரம் வந்தால்கூட சத்தத்தைக் குறைக்க மாட்டாள். குறைத்தால் வீடு ரொம்பப் பெரிதாகிவிடும்.

அந்த வருடம் மாதா கோயில் தேரோடு நடந்தபோது பாதித் தெருவிலேயே லிசாவுக்கு மூச்சு வாங்கியது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். தேர் அவளைத் தாண்டிப் போய்விட்டது. பயந்துபோன ரெஜினா மறுநாளே அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். "நோயெல்லாம் ஒண்ணுமில்ல. பொண்ணு வெளையாடுறாளா?"

ரெஜினா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெனமும் ஒரு மணி நேரமாவது ஓடணும், குதிக்கணும். அதான் இவளுக்கு மருந்து."

திரும்பி வரும்போது ரெஜினா கேட்டாள். "ஸ்கூலுல வெளையாட வுடமாட்டாங்களா?"

"பி.டி. பீரியடுல கணக்கு டீச்சர் வந்துடுவாங்கம்மா."

"நம்ம தெருவுல?"

"எல்லாரும் டியூஷன் போயிடுவாங்க. அதுவுமில்லாம, நீதான கதவத் தொறக்கக் கூடாதுன்ன?"

ரெஜினா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சாவியோ சத்தம் போட்டார். "பெரிய பொண்ணாவப் போறவள தெருவுல வுடுவியா? ஊரு கெட்டுக் கெடக்குது."

"நீங்க அங்க இருக்கீங்க. நான் கம்பெனில இருக்கேன். அவ வூட்டுக்குள்ள யாரோட இருக்கா, சொல்லுங்க."

"நீயே பாத்துக்க" என்றார் சாவியோ. அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

மறுநாள் காலை உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து, ரெஜினா வாசலில் பாண்டிக் கட்டம் கிழித்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டி அடித்தாள். எதிர்வீட்டு அமிர்தம் குடத்தோடு நின்று சிரித்தாள்.

"என்னா ரெஜினா, வயசு திரும்புதா?"

"ஆமாக்கா, நீங்களும் வாங்க."

லிசாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. இரண்டு கட்டம் தாண்டுவதற்குள் இரைத்தது. அம்மா விடவில்லை. தினமும் காலையில் ஆடினார்கள். போகப்போக லிசாவே முந்தி எழுந்து அம்மாவை உலுக்கினாள். அம்மா இவ்வளவு பேசுவாள், இவ்வளவு அழுகுணி ஆட்டம் ஆடுவாள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கார்த்திகை நெருங்கியது. கம்பெனியில் ஆர்டர் குவிந்ததால் ரெஜினா விடியும் முன்பே கிளம்பவேண்டி வந்தது.

"இனிமே ஸ்கூலு வுட்டு வந்து கதவச் சாத்திக்காத. வாசல்ல வெளையாடு. அமிர்தம் அக்கா பாத்துக்கிறேன்னாங்க."

"யாரோட வெளையாடுறது?"

ரெஜினா மகளின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை வேலையில் அவளுக்குக் கை ஓடவில்லை. பிள்ளை டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். டிவி ஓடவில்லை. லிசா வியர்த்த முகத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"யாராவது வந்தாங்களா?"

"நம்ம தெரு தர்மராஜ் மாமா பொண்ணு கனிமொழி வந்தா. ஒரு ஆட்டந்தான் ஆடுனா. டியூஷனுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டா."

"அப்பறம்?"

"நானே ஆடுனேன். எனக்கு ஒரு ஆட்டம், ஒனக்கு ஒரு ஆட்டம்."

"யாரு ஜெயிச்சா?"

"நீதான்" என்றாள் லிசா.

ரெஜினா உள்ளே போகாமல் மகளை ஒட்டிப் படியிலேயே உட்கார்ந்தாள். அந்தச் சின்ன உடம்பு சூடாக இருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

பிறகு கனிமொழி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். மற்ற நாட்களில் லிசா தனியாகத்தான் ஆடினாள். ஆனாலும் ஒரு நாள்கூட விடவில்லை.