தங்கை வீட்டு நீச்சல் குளம்

அந்தப் பயிற்சிக் கூடத்துக் கம்பளத்தில் யாரோ எப்போதோ கொட்டிய பால் இன்னும் புளித்துக்கொண்டிருந்தது. ஏசியைப் போட்டால் நாற்றம் அடங்கும், காது அடைக்கும். நிறுத்தினால் காது திறக்கும், மூக்கை மூட வேண்டும். நகராட்சியின் வீட்டுப் பழுதுப் பிரிவில் வரைபடம் போடும் அவள் முதல் நாளே கதவோர நாற்காலியாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். இருந்தும் என்ன, மூன்றாம் நாளுக்குள் அந்தப் புளிப்பு அவள் துணியிலும் ஏறிவிட்டது. வீட்டுக்குப் போய்க் குளித்தும் போகவில்லை.

செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்து, இது மரம், இது நல்ல கூரை, இது உடைந்த கூரை என்று பிரித்துச் சொல்லப் பழக்குவதுதான் அங்கே பாடம். மொத்தமே ஐந்து நாள். புயல் ஊரின் பள்ளத்துப் பகுதியைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆள் இல்லை என்று அவளுடைய மேலாளர் கையை விரித்துவிட்டார். வகுப்பு முடிவில் தயாராகும் வரைபடத்தை வைத்தே, முதல் சுற்றில் யார் யார் வீட்டுக்குக் கூரைத் தகடு போக வேண்டும் என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. இரண்டாவது சுற்று உண்டா என்று கேட்டால் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மழைக்காலம் மட்டும் நிச்சயமாக வரப்போகிறது.

அந்தப் பள்ளத்துப் பகுதியில்தான் அவள் தங்கை இருந்தாள். கூரை பறந்த இடத்தில் நீலத் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே இளைப்பு நோய்க் கைக்குழந்தையோடு நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். தகடு வந்தாக வேண்டும். அவள் இந்த நாற்றத்தைச் சகித்துக்கொண்டதே அதற்காகத்தான்.

பாடம் எடுத்தவருக்கு வகுப்பு வைத்த பெயர் தொண்ணூற்றெட்டு. படம் பிரிக்க அவர் கம்ப்யூட்டருக்குள் பழக்கி வைத்த மாடல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொல்கிறதாம். காலையில் வணக்கத்துக்கு முன்னால் அதைச் சொல்வார், சாயங்காலம் விடைபெறும்போதும் அதையே சொல்வார். பேசிக்கொண்டே பிஸ்கட் தின்பார். தூள் விசைப்பலகையில் விழும். விரலை எச்சில் தொட்டு, தூளை ஒற்றியெடுத்து, வாயில் வைத்துக்கொள்வார். அதே விசைப்பலகையை அப்புறம் அவர்கள் தொட வேண்டும். அவள் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து, கடைசியில் கைக்குட்டையைத் தொடவே அருவருப்பாகிவிட்டது.

முதல் இரண்டு நாளும் படத்தில் கட்டம் போடுவதுதான் வேலை. கூரையைச் சுற்றி ஒரு கட்டம், மரத்தைச் சுற்றி ஒரு கட்டம். படங்கள் எல்லாம் எங்கோ ஒரு பணக்காரக் கடற்கரை நகரத்துடையவை. வீட்டுக்கு வீடு நீச்சல் குளம்.

"நீலமா, சதுரமா இருந்தா குளம். யோசிக்கவே வேணாம், போட்டுக்கிட்டே போங்க" என்றார் தொண்ணூற்றெட்டு.

குளத்தையும் குறிக்கச் சொன்னது அவளுடைய மேலாளர்தான். குளம் இருக்கிற வீட்டை முதல் சுற்றிலிருந்து தள்ளிவிட வேண்டுமாம். "குளம் வெட்டத் தெரிஞ்சவனுக்குத் தகடு வாங்கத் தெரியாதா?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டாராம். அப்போது அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யோசிக்காமல் கட்டம் கட்டமாகப் போட்டுத் தள்ளினாள்.

நான்காம் நாள் மாடலை அவர்கள் ஊர்ப் படத்தின் மேல் ஓட்டினார்கள். அவள் நேராகத் தங்கையின் தெருவைத் தேடிப் போனாள். தெரு முழுக்கக் குளம். பக்கத்துத் தெருவிலும் குளம். குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கிற அந்தப் பள்ளத்தில் வீட்டுக்கு ஒரு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்திருந்தது மாடல். நீலமாக, சதுரமாக இருக்கிற தார்ப்பாயை அது வேறென்னவென்று சொல்லும்? அதற்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள்!

சிரிப்பு தாங்காமல் வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டாள். "உங்க தெருவுல எல்லார் வீட்லயும் நீச்சல் குளம் இருக்காம்டி. கம்ப்யூட்டர் சொல்லுது."

"பொய் இல்லக்கா. நேத்து மழையில கட்டில் மேலயே நீந்தினோம்" என்றாள் தங்கை.

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குளம் இருந்தால் தகடு கிடையாது. தார்ப்பாய் கட்டிய வீடு அத்தனையும் போச்சு. கூரை போனதால்தான் தார்ப்பாய், தார்ப்பாய் இருப்பதால் கூரை கிடையாது! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

தொண்ணூற்றெட்டிடம்தான் முதலில் சொன்னாள். அவர் தூளை ஒற்றிக்கொண்டே, "கடைசி ஸ்லைடுல குறைபாடுகள்னு ஒரு வரி போட்டுடலாம் மேடம்" என்றார். மேலாளருக்குப் போன் செய்தாள். "மேலிடத்துல தொண்ணூத்தெட்டுன்னு வாய விட்டுட்டேன்மா. இப்பப் போய்க் குட்டையைக் குழப்பாத" என்று வைத்துவிட்டார்.

பக்கத்து நாற்காலிக்காரர் வனத்துறை. மரம் எண்ண வந்தவர், நல்ல மனுஷன். அவரையும் சேர்த்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அவள் ஊர்ப் படத்தில் தார்ப்பாய் தார்ப்பாயாகக் கட்டம் போட்டாள். மாடலை மறுபடி பழக்கினார்கள். தங்கையின் தெருவில் குளங்கள் ஒவ்வொன்றாக மறைந்து உடைந்த கூரைகள் வந்தன. வனத்துறைக்காரர் மேஜையைத் தட்டினார். "பொழைச்சோம்மா!"

எங்கே பிழைப்பது? மதிப்பெண் எழுபத்தொன்றுக்கு விழுந்துவிட்டது. மாடலுக்குத் தேர்வு வைக்கும் படங்கள் பழைய கடற்கரை நகரத்துப் படங்கள். அங்கே இருந்த நிஜக் குளங்களை இப்போது மாடல் தார்ப்பாய் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் ஊருக்குச் சரியான மாடல், எவன் ஊரிலோ தேர்வு எழுதித் தோற்றுப்போனது.

"எழுவத்தொண்ணா?" தொண்ணூற்றெட்டு முகம் வெளிறிவிட்டது. "நாளைக்கு நகராட்சித் துறை இயக்குநர் வர்றாரு மேடம். இதைக் கொண்டுபோய் எப்படிக் காட்டுறது?"

"நம்ம ஊருக்கு இதுதான சார் சரி?"

"சரிதான். யாரு இல்லேன்னா?" குரலை இறக்கினார். அவர் வாயிலிருந்து பிஸ்கட் வாடை முகத்தில் அடித்தது. "உங்க தங்கச்சி அங்க இருக்காங்கன்னு சொன்னீங்கல்ல? எந்த வீடுன்னு காட்டுங்க. பழைய வரைபடத்துல அந்த ஒண்ணை மட்டும் கையால மாத்திடுறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

வனத்துறைக்காரர் டீ எடுக்கப் போயிருந்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. த்தூ என்று துப்பிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, நிஜமாகவே தோன்றியது. குழந்தை மூச்சுக்குத் திணறும் சத்தமும் கூடவே காதில் கேட்டது. அவள் கை நீண்டது. திரையில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் தட்டினார். ஒரு நீலக் கட்டம் உடைந்த கூரைக்கான சிவப்பாக மாறியது.

மறுநாள் இயக்குநர் வந்தார். வரைபடத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். பள்ளத்துப் பகுதி நீலம் நீலமாக மின்னியது. "வசதி இல்லாத ஏரியான்னு சொன்னாங்க, பரவாயில்லையே!" என்றார் இயக்குநர். முன்வரிசை சிரித்தது. வனத்துறைக்காரர் அவள் முழங்கையை இடித்தார். "எந்திரிச்சுச் சொல்லும்மா. நானும் சொல்றேன்." அவள் பாதி எழுந்தாள். மேடையிலிருந்து தொண்ணூற்றெட்டு அவளைப் பார்த்துச் சிநேகமாகத் தலையசைத்தார், கூட்டாளியைப் பார்த்து அசைப்பது போல. அவள் உட்கார்ந்துவிட்டாள். வனத்துறைக்காரர் ஒருவராகவே எழுந்து எதையோ சொல்ல, நேரமில்லை என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். உள்ளங்கை பிசுபிசுத்தது.

அடுத்த வாரம் அலுவலகத்தில் இருந்தபோது தங்கை போன் செய்தாள்.

"அக்கா, லாரி வந்துச்சு. தகடு எறக்கிட்டாங்க."

"அப்பாடா! குழந்தை எப்படி இருக்கான்?"

"எங்க வீட்டுக்கு மட்டும்தான்கா எறக்கினாங்க." தங்கையின் குரலில் சந்தோஷம் இல்லை. "தெருவே வந்து வாசல்ல நிக்குது. மத்த வீட்ல எல்லாம் குளம் இருக்குன்னு லாரிக்காரர் சொல்லிட்டுப் போயிட்டாரு. எதிர் வீட்டம்மா, புயலப்போ நம்ம புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடினாங்களே, அவங்க என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி வீடு பூராத் தொறந்து காட்டுறாங்க. எங்கடி இருக்கு குளம், நீயே பாருங்கிறாங்க."

"நீ ஒண்ணும் பேசாத. உள்ள போ" என்றாள் அவள். நாக்கில் அந்தப் புளிப்பு ஏறியது.

தங்கை உள்ளே போகவில்லை. பின்னால் ஆட்கள் பேசும் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அன்னிக்கு நீதானே சிரிச்ச, எல்லார் வீட்லயும் குளம் இருக்குன்னு? எங்க வீட்டுக் குளம் மட்டும் எப்படிக்கா வத்திப்போச்சு?"