இடம் மாறிய சக்கரம்

லாரியின் முன்னிடது சக்கரத்தைக் கழற்றிப் பின்னாலும், பின்னிடது சக்கரத்தை முன்னாலும் மாட்டி, போல்ட்டுகளை இறுக்கி நிமிர்ந்தபோது மெக்கானிக்கின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லாரியின் டிரைவர் வேறு யாருமில்லை, அவனுடைய தங்கை புருஷன்தான். கிடங்கில் சரக்கு காத்துக் கிடக்கிறது என்று சொல்லி, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போலத் தவித்துக்கொண்டிருந்தான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் காற்றை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. எந்த சென்சார் எந்த இடத்தில் இருக்கிறது என்பது கேபினில் உள்ள பெட்டிக்கு நாம் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். அதற்கென்ன கண்ணா இருக்கிறது? சக்கரம் இடம் மாறினால் பெட்டிக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டும். அதற்கான கருவி பட்டறையின் மறுகோடியில் வேறொருவனிடம் இருந்தது. அவனிடம் போய்க் கேட்டால் நாலு பேச்சுப் பேசித்தான் கொடுப்பான். மெக்கானிக்குக்குச் சோம்பலாக இருந்தது. எல்லாம் முடிந்தது, கிளம்பு என்று அனுப்பிவைத்தான்.

அவன் கெட்டவன் இல்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் வேலை செய்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் சுத்தம், தெரியாத இடத்தில் ஆண்டவன் விட்ட வழி.

அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் போகும்போது டிரைவருக்கு எதிரே எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின்னிடது சக்கரத்தில் காற்று குறைகிறது என்று காட்டியது. அவன் ஓரங்கட்டி இறங்கி அந்தச் சக்கரத்தை அளந்து பார்த்தான். காற்று சரியாக இருந்தது. குழம்பிப்போய் மெக்கானிக்குக்கு போன் போட்டான். மெக்கானிக் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சக்கரங்களை மாற்றிப் போட்டது அவன் நினைவுக்கே வரவில்லை.

"அந்த சென்சாருக்கு வேற வேலை இல்ல மாப்ளே. சும்மா பொய் சொல்லும். நீ பாட்டுக்குப் போ."

சென்சார் பொய் சொல்லவில்லை. தன் சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்று அது உண்மையைத்தான் சொன்னது. அந்தச் சக்கரம் இப்போது முன்னால் இருக்கிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று டிரைவர் வண்டியை எடுத்தான். பாலத்தின் மேல் முன்னிடது டயர் வெடித்தது. லாரி சுவரில் மோதிக் கேபின் நசுங்கியதில் அவனுக்கு ஒரு கால் தொடையோடு போயிற்று.

லாரி கம்பெனிக்காரர்கள் பெட்டியில் பதிவானதைப் பார்த்தார்கள். மோதும் வரைக்கும் முன்னிடது சக்கரத்தில் காற்று சரியாக இருந்தது என்று அதில் இருந்தது. பின்னிடது சக்கரத்தில் காற்று இறங்கியதாகவும் பதிவாகியிருந்தது, ஆனால் அந்த டயர் முழுசாக இருந்ததால் அதை சென்சார் கோளாறு என்று தள்ளிவிட்டார்கள். பழைய இடத்தையே நம்பிக்கொண்டிருந்த பெட்டி வேறு என்ன சொல்லும்? மோதியதால்தான் டயர் வெடித்திருக்கிறது, இவன் தூங்கியிருக்கிறான் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். வேலை போயிற்று. இழப்பீடும் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், அவன் மனைவியும் அதையே நம்பினாள். தூக்கம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தத் தெரியாதா, பிள்ளைகள் முகம் நினைவுக்கு வரவில்லையா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அவனைத் திட்டுவாள். திட்டிவிட்டு அவளே அழுவாள்.

வெடித்தது எந்த டயர் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே மெக்கானிக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் பிழைப்பு போய்விடும், தங்கை முகத்தில் விழிக்க முடியாது. அதனால் தினமும் பழம் வாங்கிக்கொண்டு வந்து, அவள் திட்டுவதைக் கேட்டபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பாசமான அண்ணன் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் மெச்சினார்கள்.

ஒரு நாள் மனைவி பக்கத்தில் இருக்கும்போதே டிரைவர் அவனைப் பார்த்து மெல்லிய குரலில் கேட்டான்.

"மச்சான், கண்ணு அசந்த மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா எல்லாரும் சொல்றாங்களே. அசந்துதான் இருப்பேன், இல்ல?"

ஆமாம் என்று சொன்னால் போதும், அவன் நம்பியிருப்பான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மெக்கானிக்குக்கு நா எழவில்லை. கருவியை எடுக்கப் போகாதது, போனில் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நாளைக்கே கம்பெனியில் போய்ச் சொல்லிவிடுவதாகவும் சொன்னான்.

டிரைவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. மெக்கானிக் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் நடந்துபோயிற்று என்று அழுதான். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"போய்ச் சொல்லு. அவங்க நம்பினாலும் கால் வரப்போறதில்ல. கருவிய எடுக்காதது உன் சோம்பல்ணே, அதுல இவரு கால் போச்சு. ஆனா இத்தன நாளா நான் இவரத் திட்டுறப்போ நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருந்தியே, அது தெரியாம நடந்ததா? வேலைய அரைகுறையா விட்டவன் ஒரு தடவதான் கெடுக்கறான். அத மறைக்கிறவன் தெனமும் உக்காந்து கெடுக்கறான்."