ராகுகாலம் இல்லாத காப்பி

எங்கள் பஞ்சாங்க ஆப்பை யாரோ உடைத்து, ராகுகாலத்தை மட்டும் நீக்கிவிட்டு, இலவசமாகச் சுற்றில் விட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு அன்று முதல் ராகுகாலம் வரவில்லை. செவ்வாய் மதியம் மூன்றரைக்குப் பைக் வாங்கினார்கள், பெண் பார்க்கப் போனார்கள். ஒரு குறையும் இல்லை.

நீக்கிய நேரம் எங்காவது போயாக வேண்டும். பொருள் எங்களுடையது என்பதால் எங்களிடமே வந்தது. சில வாரங்களில் முதலாளி செண்பகராமனுக்கும், ஆப்பை எழுதிய எனக்கும், எங்கள் வீட்டாருக்கும் நாள் முழுக்க ராகுகாலம். ஏற்கெனவே தொடங்கியதைத் தொடரலாம். புதிதாக எதையும் தொடங்க முடியாது. ஆகவே எனக்கும் அவருக்கும் நடந்துகொண்டிருந்த சண்டையை மட்டும் ஒழுங்காகத் தொடர்ந்தோம்.

"திருட்டுக் காப்பி திறக்காத மாதிரி ஒரு பூட்டு எழுதித் தொலைய்யா."

"ஆரம்பிக்க நேரம் வேணுமே சார்."

"அதுவும் சரிதான்."

அவருக்கு வியாபாரம்தான் படுத்தது. என் மனைவி மீனலோசனிக்கோ டாக்டர் சொன்ன தேதி கடந்தும் வலி தொடங்கவில்லை. ஆபரேஷனுக்குக் கத்தியை எடுத்த டாக்டரம்மா, அதையும் தொடங்க முடியாமல் கீழே வைத்தார். குழந்தையின் அசைவு குறைகிறது என்றார்.

"ஊரே ஓசியில போட்டிருக்கு. நீங்க மட்டும் பெரிய யோக்கியராக்கும்? போடுங்க" என்றாள் மீனலோசனி.

நான் தொட்டால் தொடங்காது. நர்ஸ் என் போனை வாங்கித் திருட்டுக் காப்பியை இறக்கினார். 'பழையது அகற்றப்படும், சம்மதமா?' என்று அது கேட்டது. சம்மதம் என்றேன்.

உடனே நல்ல நேரம் வந்தது, மீனலோசனிக்கு வலியும் வந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்து பூட்டை எழுதினேன். திருட்டுக் காப்பியை ஒருமுறை போட்டவர் இனி அசல் ஆக மாட்டார் என்பது அதன் விதி. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, கச்சிதமான பூட்டு. அது வேலை செய்யத் தொடங்கியபோது குழந்தை பிறந்தது.

பெண். என்னை மேலும் கீழும் பார்த்து, "இது அசல் அப்பா அல்ல. அசலைப் பயன்படுத்தவும்" என்றது.

மீனலோசனி தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "கீழே மருந்துக்கடை வரிசையில நிக்கிறாரு, கூட்டிட்டு வாங்க."

போனேன். என் முகத்தோடு, என் சட்டையில் நின்றிருந்தான். நான் சம்மதம் சொன்னதிலிருந்து அங்கேயே நிற்கிறானாம். கால் கடுக்கிறது என்றான். அவன் தூக்கியதும் குழந்தை சிரித்தது. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பூட்டு வேலை செய்ததே என்று சந்தோஷமாகவும் இருந்தது. எல்லோருக்கும் காபி வாங்கக் கிளம்பினேன்.

"எனக்குச் சர்க்கரை கம்மியா, அண்ணே" என்றாள் மீனலோசனி.