போர்த்திக்கொண்ட கிருமி

ஆய்வகத் தலைவர் ஸ்லைடைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கிருமி கரைத்த சொட்டோடு டைபாய்டு ஆன்டிபாடி கலந்து ஒரு நிமிடம் ஆயிற்று. கிருமி டைபாய்டு என்றால் ஆன்டிபாடி அதைக் கொத்துக் கொத்தாகக் கட்டிப்போட்டு, கலவை திரிந்திருக்க வேண்டும். பால் போலவே கிடந்தது.

"திரியல சார்," என்றாள் உதவியாளர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நெகட்டிவ்னு எழுதிடலாமா?"

எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நர்ஸ்கள் டைபாய்டில் படுத்திருந்தார்கள். கேன்டீன் ஆட்களின் மலத்தைச் சோதித்ததில் ஏழாம் எண்ணில் மட்டும் இன்று காலை சந்தேகக் கிருமி தெரிந்தது. ஏழாம் எண் தலைவரின் கூடப் பிறந்த தம்பி, அங்கே தலைமைச் சமையல்காரன். அப்பா காலத்திலிருந்து, தங்கள் கையால் சாப்பிட்ட ஒருவருக்கும் வயிறு கெட்டதில்லை என்று நிமிர்ந்து நடந்த குடும்பம்.

தம்பி வாசலிலேயே நின்றான். "நான் சொன்னேன்லண்ணே? என்கிட்ட வந்தா கிருமிக்குத்தான் காய்ச்சல் வரும். நோயில்லைன்னு சீட்டைக் குடு, பன்னெண்டு மணிக்குப் பரிமாறணும்."

தலைவர் பேனாவை எடுத்தார். எழுதாமல் மூடினார். மற்ற சோதனைகள் அத்தனையும் டைபாய்டு என்றே சொல்லியிருந்தன. இந்தக் கிருமி சில சமயம் மேலே ஒரு மெல்லிய உறையைப் போர்த்திக்கொள்ளும். அடியிலிருக்கும் அடையாளம் ஆன்டிபாடிக்கு எட்டாது. சூடு பட்டால் உறை கழன்றுவிடும்.

"கிருமி கரைச்ச குழாயைக் கொதிதண்ணியில வைம்மா."

"அதான் திரியலையே!" தம்பியின் குரல் உடைந்தது. "கொதிக்க வச்சாவது என் மானத்தை வாங்கணுமா? நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதானே?"

"அதனாலதான்டா."

கால் மணி நேரம் குழாயைச் சுற்றித் தண்ணீர் தளதளத்தது. குழாய் ஆறியதும் புது ஸ்லைடில் ஒரு சொட்டை, தானாகவே திரிகிறதா என்று பார்க்க, வெறும் உப்புநீரோடும் இன்னொன்றை ஆன்டிபாடியோடும் கலந்தார். சாய்த்தார். உப்புநீர்ச் சொட்டு அப்படியே இருந்தது. மற்றது, பத்து எண்ணுவதற்குள் மணல் தூவியதுபோல் திரிந்துபோயிற்று.

உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டாள். தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"காய்ச்சல் இல்லாமலே கிருமியைச் சுமக்கிறே. நாலு வாரம் மாத்திரை. நான் சொல்ற வரைக்கும் அடுப்படிப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

தம்பி சீட்டை வாங்கவில்லை. "முந்நூறு பேருக்கு ஆக்கி வச்சிருக்கேண்ணே."

"கொட்டணும்."

"எல்லார் முன்னாடியுமா? சரி… நானே கொட்டிடுறேன்."

"நீ தொடாதே," என்றபடி தலைவர் கோட்டைக் கழற்றினார். "நான் வந்து கொட்டுறேன்."