வெண்பனி லாண்டரியின் சிறுநீர்ப் பரிசோதனை

விடியும் முன்பே பாய்லருக்குப் பசியெடுத்துவிடும். விறகை அதன் வாயில் திணித்து, இரும்புக் கதவைச் சாத்திய கையோடு உள்ளே ஓட வேண்டும். வாஷிங் மெஷின்களின் வயிற்றில் ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கயிறாகக் கிடக்கும். யாரோ பிறந்த படுக்கையின் விரிப்பும் யாரோ செத்த படுக்கையின் விரிப்பும் ஒரே முறுக்கில் வரும். இரண்டு பேர் எதிரெதிராக நின்று இழுப்போம். முதலில் தோள்பட்டை பிரியும், பிறகுதான் துணி பிரியும். பிளீச்சிங் நெடியில் கண் கரிக்கும். அங்கிருந்து ரோலர். நீராவியில் கொதித்துச் சுழலும் அந்த உருளையில் ஈர விரிப்பை இந்தப் பக்கம் நுழைத்தால் அந்தப் பக்கம் அப்பளமாக வரும். நுழைக்கிறவளும் மத்தியானத்துக்குள் அப்பளமாகிவிடுவாள்.

பம்மலில் எங்கள் தகரக் கொட்டகையின் பெயர் வெண்பனி லாண்டரி. கத்திரி வெயிலில் இப்படியொரு பெயர்ப்பலகையின் கீழே நிற்க முதலாளி சம்பந்தத்துக்கு மட்டுமே மனம் வரும். இந்த இடம் ஒரு காலத்தில் அவர்களுடைய நெல்வயல். இப்போதும் அவர் பேச்சில் பழக்கம் போகவில்லை. விடிகாலையில் வந்து நின்று, "இன்னா, நடவு ஆச்சா?" என்று கேட்பார். லோடு கிளம்பிவிட்டதா என்று பொருள்.

ரோலர் ஜோவிதாவுடையது. பொழிச்சலூரிலிருந்து நடந்தே வருவாள். இருபத்து நாலு வயது. நனைந்த விரிப்பு மூட்டையை ஆண்கள் இருவர் தூக்கினால், அவள் ஒருத்தியே இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போவாள். வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது மட்டும்தான். அதனால் ரோலரை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காய்ச்சலோடும் வந்திருக்கிறாள். ரோலரின் சூட்டில் காய்ச்சல் தெரியாது என்பது ஒரு வசதி.

வினிதா என்கிற ஆராய்ச்சி டாக்டர் எங்களிடம் வந்தது பங்குனியில். சூட்டில் வேலை செய்கிறவர்களின் சிறுநீரகம் என்ன ஆகிறது என்று பார்க்கிறார்களாம். ரோலருக்கு மேலே ஒரு கறுப்புப் பந்தைத் தொங்கவிட்டார். சூட்டை அளக்கும் கருவி. லோடு ஏற்றும் ஜெபகுமார் அதைப் பார்த்ததுமே, "திருஷ்டிப் பூசணிக்கா கட்டிட்டாங்கபா, இனிமே நம்ம கம்பெனி அமோகமா கீது" என்றான். முதலில் பாய்லர் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் பரிசோதனை நடந்தது. பாய்லர்க்கார லோகநாதனுக்கு வந்த சீட்டில், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தது. அவர் ஒரு நாள் லீவு கேட்டு அந்தச் சீட்டை முதலாளியிடம் காட்டினார்.

சம்பந்தம் படித்துப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டார். "உடம்பைப் பாத்துக்கோ லோகு" என்று நிரந்தரமாக லீவு கொடுத்துவிட்டார்.

இப்போது லோகநாதனுக்கு ஒரு டிரஸ்ட் டயாலிசிஸ் சென்டரில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அந்த சென்டரின் துணியும் எங்களிடம்தான் வருகிறது. அவரைப் பார்க்கப் போன காந்திமதி அக்கா திரும்பி வந்து சொன்னாள்: "மூஞ்சி இம்மாஞ்சோட்டு வீங்கிக் கீது. படுக்கையில இருந்துகினு இன்னா சொல்றாரு தெரியுமா? விரிப்போட ஓரம் சரியா மடியலயாம். யார் மடிச்சதுன்னு கேக்கறாரு."

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஓரம் மடிப்பது காந்திமதி அக்காவின் வேலை.

சித்திரை முடியும்போது வினிதா மறுபடி வந்தார். இந்த முறை எல்லோருக்கும். ரத்தம் வேண்டாம், காலையில் முதலில் போகிற சிறுநீரை மட்டும் டப்பாவில் கொண்டுவந்தால் போதும். "இஷ்டமில்லைன்னா மாட்டேன்னு சொல்லலாம். அது உங்க உரிமை" என்றார். உரிமை இருந்தது. அதற்குப் பின்னால் சம்பந்தம் நின்றுகொண்டிருந்தார்.

"ரிசல்ட்டை எங்கிட்டயும் ஒரு காப்பி குடுத்துடுங்கம்மா" என்றார் அவர்.

"குடுக்க முடியாது சார். அவங்கவங்க ரிசல்ட் அவங்கவங்களுக்கு மட்டும்தான். ரகசியம்."

"சரி, நீங்க குடுக்காதீங்க." சம்பந்தம் எங்கள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "அவங்க குடுப்பாங்க."

வினிதா போனபிறகு விளக்கமும் கொடுத்தார். துணி அனுப்பும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, வேலையாட்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்களா என்று கேட்கிறதாம். ஆரோக்கியமானவர்கள் மட்டும் இருந்தால் ஆம் என்று சொல்லிவிடலாம் அல்லவா. சீட்டு சரியில்லாதவர்கள் லோகநாதன் மாதிரி ஓய்வெடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் பதினான்கு பேரும் அன்று சாயங்காலம் துணி காயும் கொடிகளுக்குப் பின்னால் கூடினோம். கால் வீங்குகிறவர்கள் இருந்தார்கள். நீர்க்கடுப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் இருந்தார்கள். அதுவரை ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. வேலை போய்விடும் என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் நோயைச் சொன்னார்கள்.

ஜெபகுமார்தான் அந்த யோசனையைச் சொன்னான். "நம்மள்ல யாரு நல்லா கீறாங்க? ஜோவிதா. மூட்டையத் தூக்கினு ஓடுது. அது ஒண்ணோடதே போதும். எல்லா டப்பாலயும் அதோடதையே ஊத்திடலாம்."

"அடச்சீ" என்றாள் ஜோவிதா.

"சீன்னா எப்படிம்மா? பதினாலு குடும்பத்தைக் காப்பாத்தற தங்கச்சி நீ. சிலையே வெக்கலாம்."

"சிலை கையில இன்னா இருக்கும்ணா? டப்பாவா?"

மறுநாள் இருட்டு கலையும்போதே அவள் ஒரு பெரிய பாட்டிலோடு வந்தாள். அதில் கால்வாசிகூட இல்லை. காந்திமதி அக்கா தீர்த்தம் கொடுப்பதுபோல் ஒவ்வொரு டப்பாவிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். "இன்னாடி, டிகாஷன் மாதிரி கீது?" என்று கேட்டாள்.

"தண்ணி குடிச்சாதானே வெள்ளையா வரும்? குடிச்சுட்டு எங்கக்கா போறது?"

"அதுவும் சரிதான். எனக்கும் இதே கலர்தான்."

எனக்கும், எனக்கும் என்று நாலைந்து பேர் சொன்னோம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிறுநீருக்கு அந்த நிறம்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

ஒரு வாரம் கழித்து வினிதா வந்தார். முகம் சரியில்லை. கொட்டகையின் பின்புறம் எங்களை அழைத்துச் சீட்டுகளைக் கொடுத்தார். பதினான்கு சீட்டிலும் ஒரே வாசகம்: சிறுநீரில் புரதம் மிக அதிகம், உடனே மேல்பரிசோதனை தேவை.

"நேத்து ராத்திரி இதைப் பாத்துட்டு எனக்குத் தூக்கமே வரல" என்றார் வினிதா. "அப்புறம் எண்களைப் பாத்தேன். பதினாலு பேருக்கும் ஒரே அளவு. ஒண்ணு, இது உலக அதிசயம். இல்ல, நீங்க பதினாலு பேரும் ஒரே ஆள்."

ஜெபகுமார் தரையைப் பார்த்தான். அவன் தரையைப் பார்த்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"திட்ட வரல. எதுக்குன்னு புரியுது. ஆனா இதுல ஒருத்தருக்கு நிஜமாவே உடம்பு சரியில்லாம இருக்கலாம். ஒரு டெஸ்டை வெச்சு முடிவா சொல்ல முடியாது. ரத்தம் பாக்கணும், சீக்கிரம் பாக்கணும். யாருன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

ஜோவிதா சீட்டை மடித்தாள், இன்னும் சிறிதாக மடித்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் லோகநாதன் படுத்திருக்கிற மாதிரியான ஒரு விரிப்பு காத்திருக்கும். அதைத் தேய்த்து அனுப்புவதும் அவள்தான்.

அதற்குள் சம்பந்தம் வந்துவிட்டார். கையை நீட்டினார். சீட்டுகள் ஒவ்வொன்றாக அவர் கைக்குப் போயின. படிக்கப் படிக்க அவர் முகத்தில் வயலில் வெள்ளம் புகுந்ததைப் பார்க்கிற கலக்கம் வந்தது.

"எல்லாருக்குமா?"

"ஆமா சார்" என்றாள் காந்திமதி அக்கா. "ஓய்வெடுத்துக்கலாமா?"

"இன்னா, நக்கலா? மத்தியானம் ஆபரேஷன் தியேட்டர் லோடு போவணும்." எண்களைத் திரும்பப் பார்த்தார். வியாபாரிக்கு எண் புரியும். "கலந்துட்டீங்களா? என்னை முட்டாள்னு நெனச்சீங்களா? டாக்டரம்மா, டப்பா இருக்குல்ல? இப்பவே, என் கண்ணெதிர்லயே எல்லாரும் திரும்பக் குடுக்கட்டும்."

"கண்ணெதிர்லயா சார்?" என்றான் ஜெபகுமார்.

"வாயை மூடுறா. உடனே போங்க எல்லாரும்."

"எங்க சார் போறது?" என்று கேட்டாள் காந்திமதி அக்கா.

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. அது எட்டு வருஷமாக அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. ஆண்கள் சுவருக்குப் பின்னால் போவோம். பெண்களுக்கு, பாவாடை கட்டிய பொம்மைப் படம் போட்ட ஒரு கதவு உண்டு. அதன் பின்னால் துணி வெளுக்கும் காஸ்டிக் சோடா டிரம்கள் அடுக்கியிருக்கும்.

சம்பந்தத்துக்குக் கோபத்தில் யோசனை ஓடவில்லை. "டிரம்மை எல்லாம் வெளிய தள்ளுங்கடா!" என்றார்.

உருட்டினோம். கடைசி டிரம் வெளியே வந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பீங்கான் மேல் ஒட்டிய கம்பெனி ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. குழாய் இருந்தது, அதற்குப் பின்னால் பைப் இல்லை. குழாய் சுவரில் சும்மா செருகியிருந்தது. எப்போதோ வரப்போகிற ஓர் அதிகாரிக்காகக் கட்டிய கழிப்பறை. அந்த அதிகாரி வந்திருந்தாலும் வெளியில் நின்று பொம்மையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

வினிதா குழாயைத் தொட்டார். அது கையோடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சம்பந்தத்திடம் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் ஜோவிதா பேசினாள்.

"மேடம், அது என்னுது. பதினாலும் என்னுதுதான்." வினிதாவின் கையைப் பிடித்தாள். "நான் செத்துருவனா? எங்க வூட்ல வேற ஆள் இல்ல மேடம்."

"மாட்டே. இன்னிக்கே போய் ரத்தம் பாத்துடலாம். நான் கூட வரேன்."

சம்பந்தம் மூச்சு விட்டார். தேடிய ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி. "முன்னாடியே சொல்லி இருந்தா இவ்ளோ ராவடி உண்டா? ஜோவிதா, நீ போய் உடம்பைப் பாரு. கணக்கை அப்புறம் முடிச்சுக்கலாம். மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல, மெஷினைப் போடுங்க."

"எங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு யாரு சொன்னது?" என்றாள் காந்திமதி அக்கா. வினிதாவிடம் திரும்பினாள். "எங்களுது எப்படிம்மா கீது?"

வினிதா கொஞ்சம் தயங்கினார். "தெரியாது. உங்களுதை நான் பாக்கவே இல்லையே."

அந்த வார்த்தை குளிராக இறங்கியது. வெண்பனி லாண்டரியில் நாங்கள் குளிரை உணர்ந்தது அதுதான் முதல் முறை. எங்களில் தெம்பானவள் என்று தேர்ந்தெடுத்தவளுக்கே இந்தக் கதி. மிச்சம் பதின்மூன்று பேரும் அவள் நீரைக் கொடுத்துவிட்டுத் எங்களுடையதை ஒளித்திருக்கிறோம். ஒருவர் மற்றவருடைய வீங்கிய கால்களைப் பார்த்தோம்.

காந்திமதி அக்கா போய் ரோலரின் சுவிட்சை அணைத்தாள். உருளை முனகிக்கொண்டே நின்றது. ஜெபகுமார் மெஷின்களை நிறுத்தினான். பாய்லரில் விறகு போடுகிறவன் விறகைக் கீழே வைத்தான். சத்தம் போனதும் கொட்டகை அந்நியமாக இருந்தது. மேலே விமானம் இறங்குகிற ஓசைகூடக் கேட்டது.

"எங்க போறீங்க?" என்றார் சம்பந்தம்.

"ஆஸ்பத்திரிக்கு சார்" என்றான் ஜெபகுமார். "சீட்டுல எங்க பேரும் கீது. உடனே போகச் சொல்லிக் கீது. நீங்கதானே சீட்டை நம்பறவரு?"

"கூடப் போக ஒரு ஆள் போதாதா?"

"போதாது சார்" என்றாள் காந்திமதி அக்கா. "திரும்பி வர்றதுக்குள்ள அந்தக் குழாய்க்குத் தண்ணி வரணும். வெயில் ஏறினா நடுவுல உக்கார நேரம் வோணும். லோகநாதன் வைத்தியத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும். இந்தப் பொண்ணு ரோலர் இந்தப் பொண்ணுக்குத்தான். சீட்டைப் பாத்து இனிமே யாரையும் அனுப்பக் கூடாது."

"வந்து பாருங்க, கேட் பூட்டி இருக்கும்!"

"பூட்டுங்க. வெளிய உக்காந்துக்கறோம். வெளியயாவது காத்து வருது."

ஜோவிதாவை நடுவில் விட்டுக்கொண்டு, வினிதாவோடு பம்மல் மெயின்ரோட்டுக்கு நடந்தோம். தார் கொதித்தது. ஜோவிதா இரண்டு முறை, "நீங்கல்லாம் போங்கக்கா, எனக்காக உங்க வேலையும் போவப் போவுது" என்றாள். காந்திமதி அக்கா பதில் சொல்லாமல் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி, அவள் குடித்து முடிக்கிறவரை நின்றாள். பிறகு தானும் குடித்தாள். நாங்களும் குடித்தோம். வழியெல்லாம் ஜெபகுமாரின் போன் அடித்தது. லாண்டரியிலிருந்து முதலில் திட்டினார்கள், பிறகு லோடு என்னாச்சு என்றார்கள், பிறகு வேறு ஆட்கள் வரப்போகிறார்கள் என்றார்கள். வந்தாலும் வரலாம். தாம்பரம் பக்கம் வேலை தேடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அது தெரிந்தேதான் ஷேர் ஆட்டோக்களில் ஏறினோம்.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்குமிடத்தில் எங்கள் கூட்டத்தைப் பார்த்து அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் மிரண்டுவிட்டாள்.

"பேஷண்ட் யாரு? மத்தவங்கல்லாம் வெளிய நில்லுங்க."

யாரும் நகரவில்லை.

"எல்லாருந்தாம்மா" என்றாள் காந்திமதி அக்கா, ஜோவிதாவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி. "மொதல்ல இந்தப் பொண்ணைப் பாருங்க."